மெதுவாகத்தானே வந்தது

நேற்று மாலை எங்கள் திருநகர்த் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்திருந்தது. ஓட்டுநர் குழாயை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தொட்டிக்குப் போய்விட்டார். லாரி, எதையோ மறந்துவைத்துவிட்டு வந்ததுபோல, மெல்லப் பின்னால் நகர்ந்தது. சரிவு என்று சொல்ல முடியாத சரிவு. எறும்புகூட அதை முந்திவிடும். வாசலில் நின்ற என் மகள், பத்தாம் வகுப்புப் படிப்பவள், சிரித்துக்கொண்டே இரண்டு உள்ளங்கைகளையும் அதன் முதுகில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் எங்கள் மதில்.

"அண்ணே, உங்க வண்டி கெளம்பிருச்சு!" என்று ஓட்டுநரைக் கூப்பிட்டாள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது என் காதில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"வெசை இருக்குடீ! வெலகு!"

விலகினாள். லாரி அதே நிதானத்தோடு மதிலில் சாய்ந்தது. மதில் ஒரு பெருமூச்சு விட்டு உள்பக்கமாகச் சரிந்தது. மகள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "வெசைன்னா என்னப்பா?"

பதிலுக்கு முன்னால் செங்கல் தூள் வாசனை வந்துவிட்டது. நனைந்த செங்கல் இல்லை, உடைந்த காய்ந்த செங்கல். அந்த வாசனை வரும் பக்கமே போகாமல் முப்பது வருடமாக நான் ஒதுங்கிப் போயிருக்கிறேன். வீடு கட்டியபோதுகூடச் செங்கல் இறங்கிய நாளில் ஏதோ வேலை என்று வெளியூர் போய்விட்டேன் என்றால் பாருங்களேன்.

திருமங்கலம் சாலையில், வெயிலுக்கு நடுவே நட்டு வைத்தது போன்ற பள்ளி எங்களுடையது. சயின்ஸ் டீச்சர் ஒருநாள் கரும்பலகையில் 'விசை' என்று எழுதி, உதாரணம் கேட்டார். என் பக்கத்தில் இருந்த முருகேசன் எழுந்தான்.

"திருநெல்வேலி பஸ்ஸு டீச்சர். ரொம்ப வெசையாப் போகும்."

வகுப்பே ஆமோதித்தது. எங்கள் ஊரில் 'வெசையா வா' என்றால் வேகமாக வா என்று அர்த்தம். வேறு அர்த்தம் எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை.

"அது வேகம்டா. இந்தச் செவுத்தத் தள்ளு பாப்போம். இப்ப விசை இருக்கா இல்லையா?"

முருகேசன் மனதாரத் தள்ளினான். "செவுரு நகரவே இல்லையே டீச்சர், அப்புறம் ஏது வெசை?"

பரீட்சையில் கேட்டார்கள்: பாரம் ஏற்றி மெதுவாக வரும் வண்டியை நிறுத்துவது ஏன் கடினம்? 'மெதுவாக வருவதால் அதில் விசை இல்லை, எளிதில் நிறுத்தலாம்' என்று எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன் என்பதையும் சொல்ல வேண்டும். 'விசை வேறு, வேகம் வேறு' என்று நூறு தடவை எழுதிவரச் சொன்னார் டீச்சர். நானா சளைப்பேன்? முதலில் 'விசை' என்று மேலிருந்து கீழே நூறு. பக்கத்தில் 'வேறு' நூறு. அப்புறம் 'வேகம்' நூறு, மறுபடி 'வேறு' நூறு. முழு வாக்கியத்தை ஒரு தடவைகூட நான் வாசிக்கவில்லை.

முருகேசனுக்குப் பட்டப்பெயரே 'வெசை'தான். அவன் பந்து வீசினால் ஸ்டம்ப் விழும் சத்தம்தான் முதலில் கேட்கும், பந்து அப்புறம்தான் கண்ணில் படும். எங்களுக்கு அப்படித் தோன்றும். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், அடுத்த ஞாயிறு வா என்று அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்காகத்தான் அன்று பள்ளி விட்டதும் பம்புசெட் அறைக்குப் பக்கத்துத் தரிசில் ஆடப் போனோம்.

ஸ்டம்புக்குக் கல் வேண்டும். டிராக்டரிலிருந்து கழற்றிய நாலு சக்கரப் பெட்டி ஒன்று, நிறையச் செங்கலோடு அங்கே நின்றது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கற்கள் நல்ல சதுரம். எடுத்தது நான்தான்.

பெட்டி உடனே நகரவில்லை. நாலைந்து பந்து போட்ட பிறகு, அசை போட்டபடி எழுந்து நடக்கும் மாடுபோல நடந்தது. பம்புசெட் சுவரில் சாய்த்து வைத்திருந்த என் அப்பாவின் சைக்கிளைப் பார்த்து நடந்தது. முருகேசன்தான் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றான். ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"வெசையே இல்லடா மாப்ள, புடி!" என்றேன்.

பிடித்தான். சைக்கிள் மடங்கியது. சுவர் அதிர்ந்து செங்கல் தூள் பறந்தது. அவன் அலறவில்லை. அலறியிருந்தால் இத்தனை வருடத்தில் மறந்திருப்பேனோ என்னவோ. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டு, ஏமாற்றப்பட்டவன் குரலில் என்னிடம் கேட்டான்:

"மெதுவாத்தானடா வந்துச்சு?"

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. பந்தின் தையலைப் பிடிக்கும் விரல்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தது, போயிற்று.

கல்லை எடுத்தது நான் என்று அன்றே எல்லோரிடமும் ஒப்புக்கொண்டேன். 'புடி' என்றதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

தரிசு இன்று நால்வழிச் சாலைக்கு அடியில் கிடக்கிறது. பம்புசெட் அறை இல்லை, கிணறு இல்லை. மகளுக்கு ஒருவழியாகச் சொன்னேன்: விசை, வெசை, வேகம், எல்லாம். அவள் ஆங்கிலத்தில் படிப்பவள். "ஃபோர்ஸும் ஸ்பீடும் எப்படிப்பா கொழம்பும்?" என்றாள். உண்மைதான். எங்கள் தப்பைச் செய்ய இனி ஆளில்லை. அந்தச் சொல்லும் போய்விட்டது.

இரவு வரை பொறுக்க முடியாமல் முருகேசனுக்குப் போன் செய்தேன். திருமங்கலத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். நடந்ததைக் கேட்டதும் முதல் கேள்வி, "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல. வெலகிட்டா."

"நீ என்னன்னு கத்துன?"

"வெசை இருக்குன்னு."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைத்தான்.

"இப்பவாச்சும் சொன்னியே, மாப்ள."