தீவாக்கப்பட்டவர்

என் கணவர் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நான் ஆங்கில ஆசிரியை. பிள்ளைகள் இல்லை. வேலை முடிந்து கெலுகோர் வீட்டுக்கு வந்ததும், அன்று எங்காவது கண்ணில் பட்ட ஆங்கிலச் சொல் ஒன்றைச் சொல்லி, "இது எங்கேருந்து வந்துச்சு?" என்பார். நான் அகராதியைப் புரட்டுவேன். பாதிச் சொற்கள் பிரெஞ்சு வழியாக லத்தீனில் போய்த்தான் நிற்கும்.

கொரோனா சமயத்தில் இருவருக்குமே தொற்று. மூச்சுத் திணறியதால் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்குக் கையில் ஒரு பட்டையைக் கட்டி, வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள்.

மறுநாள் மதியம் வார்டிலிருந்து போன் செய்தார்.

"உள்ள வரும்போது கதவுல ஐசோலேஷன்னு போட்டிருந்துச்சு. அது எங்கேருந்து வந்துச்சு, பாரேன்."

போனை வைக்காமலே பார்த்தேன். "லத்தீன்ல இன்சுலா. தீவுன்னு அர்த்தம். தீவாக்கப்பட்டதுன்னு இத்தாலிக்காரங்க ஒரு சொல் வெச்சிருக்காங்க. அதுலேருந்துதான்."

"அப்போ பினாங்குக்காரன் பொறந்ததுலேருந்தே ஐசோலேஷன்தான்லா." சிரிக்கப் போய் இருமினார். "பிரெஞ்சுக்காரன் நடுவுல வரலையா?"

"நாளைக்குச் சொல்றேன். பேசாதீங்க."

சாயங்காலம் உட்கார்ந்து தேடினேன். பிரெஞ்சுக்காரன் வந்திருந்தான். இத்தாலியச் சொல்லை அவன் இசோலே என்று மாற்றிக்கொண்டான். ஆங்கிலேயர்கள் முதலில் அதைப் பிரெஞ்சுச் சொல்லாகவே எழுதி, பிறகுதான் தங்கள் விகுதியை ஒட்டினார்கள். அவருக்கு இது பிடிக்கும் என்று ஒரு தாளில் குறித்து வைத்தேன்.

காலையில் அவருடைய போனை ஒரு தமிழ் நர்ஸ் எடுத்தாள்.

"அக்கா, விடியக்காலையில டியூப் போட்டுட்டாங்க. அவரால பேச முடியாது. நீங்க பேசுங்க, காதுகிட்ட வைக்கிறேன்."

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். அந்தத் தாளை எடுத்து, வகுப்பில் வாசிப்பதுபோல நிதானமாக வாசித்தேன். அந்தப் பக்கம் இயந்திரம் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. வாசித்த பிறகும் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"முடிஞ்சிருச்சாக்கா?" என்றாள் நர்ஸ்.

"முடிஞ்சிருச்சும்மா."

அதற்கு இரண்டாம் நாள் அவர் இறந்துபோனார். தகனத்தை அவருடைய தம்பி அனுப்பிய வீடியோவில்தான் பார்த்தேன். அதில் நான்கு பேர், எல்லோரும் முகம்வரை மூடிய வெள்ளைப் பாதுகாப்பு உடையில். யார் யார் என்று தெரியவில்லை. அதன்பின் துக்கம் கேட்டு வந்த அழைப்புகள் எதையும் நான் எடுக்கவில்லை.

தனிமை நாட்கள் முடிந்து கைப்பட்டையை வெட்டிய அன்று கீழே கடைக்கு இறங்கினேன். "என்னக்கா வேணும்?" என்று கடைக்காரர் கேட்டார். வாயைத் திறந்தேன். இத்தனை நாள் பேசாமல் இருந்ததில் குரல் எழும்பவில்லை. ரொட்டியைக் கையால் காட்டினேன்.