தையல் கதிரைக்கு ஒரு சப்வூபர்

பாட்டில் பேஸ் சத்தம் கேட்கவில்லை என்று சொன்னதற்காக மனைவியைக் காது வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனவன் நான்.

அமிர்தகழியில் எங்கள் வீட்டு ஹோல் நீளமானது. முன்சுவரோடு அம்பிளிபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும், அவற்றுக்கு நடுவே, பேஸ் எனும் அடித்தொனிக்கென்றே ஆசைப்பட்டு வாங்கிய சப்வூபர் பெட்டியும் இருந்தன. பின்சுவரோடு என் சோபா. ஹோலின் நடுவில், வாவிக்காற்று வரும் ஜன்னலோரம், மனைவியின் தையல் மெசின். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பின்னேரம் வந்து ஒரு மணித்தியாலம் பாட்டுக் கேட்பேன். அவளோ சட்டை தைத்தபடி நாள் முழுக்கக் கேட்பவள்.

பெட்டி வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"இவ்வளவு பெரிய பெட்டி எதுக்கு? ஒரு வித்தியாசமும் தெரியல்லயே."

"சோபாவே அதிருது புள்ள. உனக்குக் கேக்கல்லயா?"

"இல்லங்க. மெய்யா எனக்கு ஒண்டும் கேக்கல்ல."

மாதக்கணக்கில் இதே பேச்சுத்தான். கடைசியில் அவளுக்குக் காதில் ஏதோ குறை என்று நானே முடிவு கட்டினேன். வைத்தியர் சோதித்துப் பார்த்துவிட்டு, அவளுடைய காது மிக நன்றாக இருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சேர், நீங்களும் ஒருக்காக் காட்டுங்களன்" என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் சிரிக்கத் தொடங்கியவள் வீட்டு வாசலில்தான் நிறுத்தினாள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை அவள் தேற்றாத்தீவில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தாள். என் சேட்டில் பொத்தான் ஒன்று கழன்றிருந்தது. பாட்டைப் போட்டுவிட்டு அவளுடைய கதிரையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தேன். அது பேஸ் கிற்றார் தனியாகத் தொடங்கும் ஒரு பழைய படப்பாட்டு. தொடக்கம் வரவேயில்லை. வயர் கழன்றுவிட்டதோ என்று எழுந்து நாலடி வைத்தேன். கிற்றார் கேட்டது. திரும்பப் போய் உட்கார்ந்தேன், இல்லை. எழுந்தேன், இருந்தது. கையில் ஊசியோடு எத்தனை தரம் எழுந்து உட்கார்ந்தேனோ தெரியாது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுவரில் பட்டுத் திரும்பும் அலை, வரும் அலையோடு சேர்ந்து சில இடங்களில் ஒன்றையொன்று இல்லாமலாக்கிவிடும் என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் கீறிக் காட்டுகிறேன். அப்படியான ஓர் இடத்தில்தான் என் மனைவி இத்தனை நாளும் உட்கார்ந்து தைத்திருக்கிறாள்.

அவள் வந்ததும் சொன்னேன். "நீ சொன்னது சரி புள்ள. உன்ட கதிரையில பேஸ் இல்ல."

"இதக் கண்டுபிடிக்க உங்களுக்கு இவ்வளவு நாளா?" என்று கேட்டவள், கலியாணப் பலகாரத்தை என் கையில் வைத்தாள்.

மெசினை நகர்த்த முடியாது, அவளுக்கு ஜன்னல் வெளிச்சம் வேண்டும். இன்னொரு சப்வூபரை வேறோர் இடத்தில் வைத்தால், ஒன்று விட்ட குறையை மற்றது நிரப்பும். வாழைச்சேனையில் போன் கடை வைத்திருக்கும் அவளுடைய தம்பியிடம் கேட்டேன். "மேசைக்குக் கீழ ஒண்டு சும்மாதான் கிடக்கு அத்தான். நான் கால் வைக்கிறதுக்கு வச்சிருக்கன்" என்றான். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் அது கோழிக்கூடா என்று கேட்டார்.

அதை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கேட்கிறவர் இருக்கும் இடத்தில் பெட்டியை வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, நாம் தரையோடு தரையாகத் தவழ்ந்துபோய், பேஸ் எங்கே நன்றாகக் கேட்கிறது என்று பார்த்து, அங்கே பெட்டியை வைக்க வேண்டும். பெட்டியைத் தையல் கதிரையில் ஏற்றி வைத்துவிட்டு முழங்காலில் புறப்பட்டேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, சேர் மோதிரம் கீதிரத்தத் துலைச்சிட்டாரா?"

"இல்லக்கா, எனக்குச் சத்தம் தேடுறார்" என்றாள் மனைவி. அக்கா சட்டையை மறந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் தரையில் இருந்தபடியே சிரித்தேன்.

பின்மூலையில், துணி அலுமாரியடியில், பேஸ் தடித்து நன்றாகக் கேட்டது. நான் தயங்கிச் சொல்வதற்குள் அவள் அலுமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டாள். அக்கா மற்றப் பக்கம். அலுமாரி நகர்ந்தது, பெட்டி அங்கே போனது. அம்பிளிபயரில் சப்வூபருக்கு ஒரு துளைதான். அதனால் ஒரு முனை இரண்டாகப் பிரியும் வயரைச் செருகி, சுவரோரமாக நீள வயர் இழுத்து, இரண்டு பெட்டிக்கும் கொடுத்தேன். "இருந்து கேள்" என்றேன்.

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். முகம் சுருங்கியது.

"முந்தி மேளமாவது கொஞ்சம் கேட்டிச்சி. இப்ப அதுவும் இல்ல."

வயர்களைக் கழற்றி மாட்டினேன், ஒன்றும் மாறவில்லை. அவள் எழுந்து வந்து புதுப்பெட்டியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இஞ்ச ஒரு சின்ன சுவிச் கிடக்கு. ஒரு பக்கம் பூச்சியம், மற்றப் பக்கம் நூற்றியெண்பது. மற்றப் பெட்டியிலயும் இப்பிடியா?"

மற்றது பூச்சியத்தில் இருந்தது, இது நூற்றியெண்பதில். ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்துக்கொண்டிருந்தது. "தட்டி விடு" என்றேன். நகத்தால் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். நான் பாட்டை முதலிலிருந்து போட்டேன்.

கிற்றார் தொடங்கியது. அவள் சட்டென்று இரண்டு உள்ளங்கைகளையும் மெசின் பலகையில் வைத்தாள். "இஞ்ச வந்து பாருங்க, பலகையில ஓடுது" என்றாள். ஊசிப்பெட்டிக்குள் குண்டூசிகள் கிணுகிணுத்தன. "இதுதானா? இவ்வளவு நாளும் இதையா நீங்க தனிய இருந்து கேட்டீங்க?" கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்தது. பாட்டு முடிய, திரும்பப் போடச் சொன்னாள். பிறகும் சொன்னாள். அக்காவைக் கதிரையில் இருத்தி அவரையும் கேட்க வைத்தாள்.

இரண்டு பெட்டியின் சத்தத்தையும் கொஞ்சம் குறைத்துச் சரிபார்த்துவிட்டு நான் சோபாவுக்குப் போனேன்.

"உங்கட இடத்தில எப்பிடி?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"முந்தி மாதிரி அதிருதில்ல. கொஞ்சம் குறைவுதான்."

"அப்ப இஞ்சால வாங்க" என்று மடியில் இருந்த துணியை ஒதுக்கிவிட்டு, சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றைக் காலால் தன் பக்கம் இழுத்தாள்.