அஞ்சல்தலையில் ஏலக்காய்

ஆடி மாதம் பாதி தாண்டினால் என் மனைவி இடுக்கிப் பக்கம் ஏலக்காய் பறிக்கக் கிளம்பிவிடுவாள். கரியாலூரிலிருந்தும் எங்கள் வெள்ளிமலையிலிருந்தும் பெண்கள் கூட்டமாகப் போவார்கள். பொங்கலுக்குத்தான் திரும்புவார்கள். நான் வெள்ளிமலையில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். சாமைக் காட்டையும் மகளையும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்பதால் நான் தங்கிவிடுவேன்.

மகள் பள்ளியில் சேர்ந்த வருடம் அது. எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை மேட்டில் ஏறி நின்றுதான் என் மனைவி பேசுவாள். அவளிடம் இருந்தது பழைய பட்டன் போன்.

"புள்ளய யூனிபார்ம்ல ஒரு போட்டோ புடிச்சி அனுப்புங்க. கையில வெச்சிப் பாக்கணும்," என்றாள்.

கள்ளக்குறிச்சிக்குப் பஸ் பிடித்துப் போய் ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனோம். கவுன்டரில் இருந்த அம்மா உறையின் மேல் எழுதியிருந்ததைப் படித்தார்.

"ஏலக்கா எஸ்டேட்டுக்கா போவுது? இருங்க, பொருத்தமா ஒண்ணு இருக்குது."

டிராயரிலிருந்து ஒரு அஞ்சல்தலையை எடுத்தார். அதில் பச்சை பச்சையாக ஏலக்காய்கள்.

"நம்ம மசாலா சாமானுக்கு மரியாத பண்ணி போட்ட ஸ்டாம்பு இது. மிளகு, பட்ட, லவங்கம் எல்லாம் வந்திச்சி. இது கொஞ்சந்தான் மிச்சம்."

ஒட்டுவதற்கு முன் மகள் அதை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அம்மா வாசனையே இல்லப்பா."

தையில் வரும்போது அவள் அம்மாவின் தலைமுடியிலும் புடவை மடிப்பிலும் ஏலக்காய் மணக்கும். எத்தனை முறை துவைத்தாலும் கொஞ்சம் தங்கியிருக்கும். அந்தப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் மகள் தூங்குவாள். மாசி முடிவதற்குள் மணம் போய்விடும். மகளிடம் நான் சொன்னதில்லை, பக்கத்து டீக்கடையில் ஏலக்காய் தட்டிப் போட்டால் எனக்கும் தையலில் கை ஓடாமல் நின்றுவிடும்.

உறை போய்ச் சேர்ந்த வாரம் போன் வந்தது.

"இன்னாங்க, நாள் பூரா அதத்தான் பறிச்சிக்கினு இருக்கேன். கவர் மேலயும் அதேவா?" என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்: "புள்ள எளச்சிட்டாளா?"

"எளைக்கல. வளந்துட்டா."

அவள் மூக்கை உறிஞ்சியது கேட்டது.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் மகளை அழைத்துக்கொண்டு நானே போனேன். சேலம், தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். ஆளுயரச் செடிகளுக்கு அடியில் குனிந்து பறித்துக்கொண்டிருந்தவர்களில் அவளைத் தேடுவதற்குள் அவள் சிரிப்பு கேட்டது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. எங்களைக் கண்டதும் கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்து மகளைத் தூக்கிக்கொண்டாள்.

பொங்கலுக்கு அவள் ஊர் வந்தாள். வீடு நிறைந்தது. ஆனால் சில நாளிலேயே, சாயங்காலமானால் வாசலில் நின்று மலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"இன்னா யோசன?"

"ஒண்ணுமில்ல. அங்க இந்நேரம் பனி எறங்கும். என்கூட பறிக்கிறாளே, அவ டீ போட்டு வெச்சிக்கினு என்னக் கூப்புடுவா."

"வர்ற வருசம் போவாத இருந்துடறியா?"

"இருக்கலாந்தான்," என்றாள். "அங்க போனா உங்க ரெண்டு பேரு நெனப்பாவே இருக்குது. இங்க வந்தா..." மேலே சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் கோபித்துக்கொள்வேன் என்று நினைத்தாளோ என்னவோ. எனக்குக் கோபம் வரவில்லை. ஏங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்த ஆடியிலும் போயிருக்கிறாள். போகும் முன், அங்கே குளிருக்குத் தாங்கும்படி தடித்த துணியில் முழுக்கை ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். அந்தத் தோழிக்கும் ஒன்று தைத்தேன். அளவு கேட்டதற்கு, "என்ன விட கொஞ்சம் குண்டு," என்றாள். இருவருக்கும் சரியாக இருக்கிறதாம். இப்போது அங்கே விடாத மழை என்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அவளால் மேட்டில் ஏற முடியவில்லை போல, போன் வரவில்லை.