கதிரைக் கணக்கு

சென்ற வாரம் கல்லடியில் ஒரு சுப்பர்மார்க்கட்டுக்குள் நுழைந்தேன். வெயிலுக்கு ஒதுங்கத்தான். வாங்க வந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு குளிர்ப்பெட்டிகளைப் பார்த்தபடி நடந்தேன். ஒன்றில் உரித்த இறால், ஓட்டின் துணுக்குக்கூட இல்லாமல், பொலித்தீன் பைகளில் கிடந்தது. ஏதோ ஒரு பை கசிந்திருக்க வேண்டும், ஐஸும் இறாலும் கலந்த அந்த வாடை வந்தது. பக்கத்தில் நின்ற பெண் மூக்கைப் பொத்தினாள். நான் நன்றாக மூச்சை இழுத்துவிட்டேன். பிறந்த வீட்டு வாசனை என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

ஆரையம்பதிக்குப் பக்கத்தில், வாவியோரமாக, ஒரு இறால் கொம்பனி இருந்தது. கொம்பனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், தகரக் கூரை போட்ட கொட்டகைதான். சமாதானம் வருகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்ட காலத்தில் நான் அங்கே இறால் உரித்தேன். உரித்தேன் என்பதும் கொஞ்சம் கூடுதலான சொல். மற்றவர்கள் ஒரு தட்டை முடித்துவிட்டு நிமிரும்போது நான் இன்னும் தலைகளைத் திருகிக்கொண்டிருப்பேன். இறால் தண்ணீர் விரல் நுனிகளைத் தின்றுவிடும். அதற்காகச் சீனக்காரம், அதுதான் படிகாரம், கரைத்த வாளியில் கையை முக்குவோம். முக்கியதும் வரும் எரிச்சலுக்குப் பக்கத்தில் நிற்பவளைத் திட்டத் தோன்றும். என் பக்கத்தில் நின்றவள் புஷ்பம். திட்டினால் சிரிப்பாள், அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் இரண்டு திட்டுத் திட்டலாம்.

அந்த வருடம் அவள் சிரிப்பு குறைந்தது. கொழும்புக்கு வேலை தேடிப் போன புருசனிடமிருந்து தகவல் இல்லை. வீட்டில் ஒரு மகன், படுக்கையில் தாய், அவளுடைய வயிற்றில் அடுத்தது. வயிறு வெளியே தெரியத் தொடங்கியதும் மனேஜர் கூப்பிட்டார்.

"வயித்தோட உள்ள ஆக்கள் ஐஸ் தண்ணிக்குள்ள நிக்க ஏலாது. வேலையால நிண்டுக்க. மறுகா வேணுமெண்டா பாப்பம்."

அந்தப் 'பிறகு பார்ப்போம்' என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். அப்படி நின்றவர்களில் ஒருத்தியும் திரும்பி வந்ததில்லை. சட்டம் ஏதோ இருந்ததாம். நாங்கள் நாட்கூலிகள், அது எங்களுக்கு இல்லையென்று சொல்லிவிட்டார்கள்.

எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. ஐஸ் தூக்குகிற ஆண்கள், லொறிக்காரர், இறால் உரிக்கிற நாங்கள், எல்லோரும் அதில்தான். செயலாளரும் ஐஸ் தூக்குகிறவர், முதலாளியின் முகத்துக்கு நேரே நின்று பேசக்கூடிய மனிதர். வாசிகசாலை மண்டபத்தில் கூட்டம் நடக்கும். ஆண்கள் கதிரைகளில் இருப்பார்கள், நாங்கள் ஓரமாகப் பன்பாயில். வாக்கெடுக்கும்போது செயலாளர் கதிரை வரிசைகளுக்கிடையில் நடந்து, கை உயர்த்தியவரின் கதிரை முதுகில் தட்டித் தட்டி எண்ணுவார். பாய்க்கு முதுகு ஏது? அவர் எங்கள் பக்கம் வருவதே இல்லை. நாங்களும் கையை உயர்த்துவோம், கொஞ்சநேரம் வைத்திருப்போம், இறக்கிவிடுவோம். அதைக் குறையென்று நினைக்கவும் தெரியாது. கோயிலில் பாய், செத்தவீட்டில் பாய், சங்கத்திலும் பாய்.

புஷ்பத்தின் கதையை நாங்கள் சொன்னபோது செயலாளர் தலையைச் சொறிந்தார். "இது குடும்ப விசயம் தங்கச்சி. சங்கத்துக்குள்ள கொண்டுவந்தா மத்தக் கோரிக்கையெல்லாம் பின்னுக்குப் போயிரும்."

காத்தான்குடியிலிருந்து வேலைக்கு வருகிற றஹீமா ராத்தா விடவில்லை. "புள்ள பெறுறது குடும்ப விசயமெண்டா, வேலையால நிப்பாட்டுறது ஆர்ர விசயம்?"

செயலாளர் அடுத்த கூட்டத்தில் வைப்பதாக மட்டும் ஒத்துக்கொண்டார்.

கூட்டத்தன்று ஊரில் ஒரு சாவு. மண்டபத்துப் பாய்களையெல்லாம் செத்தவீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். லொறி பிந்தியதால் ஆண்கள் இன்னும் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போனபோது கழுவிய சீமெந்துத் தரை ஈரமாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். "காலுளையுது, குந்துங்ககா" என்று ராத்தா முன்வரிசைக் கதிரையில் இருந்துவிட்டா. பிறகு ஒவ்வொருத்தியாக இருந்தோம். நான் எந்த நேரமும் எழும்பத் தோதாக விளிம்பில் இருந்தேன்.

ஆண்கள் வந்தார்கள். "என்னகா, இண்டைக்குக் கலியாண வீடா?" என்று ஒருவர் கேட்க மற்றவர்கள் சிரித்தார்கள். எழும்பச் சொல்லக் கூச்சம் போலும், சுவரோரமாக நின்றுகொண்டார்கள்.

பிள்ளை பிறந்தபின் புஷ்பத்தை அதே வேலைக்கு எடுக்கும்படி சங்கம் கேட்க வேண்டுமா? கை உயர்த்தச் சொன்னார் செயலாளர். என் கை காதுவரை போய் நின்றுவிட்டது, தலை கடிப்பதுபோல் சொறிந்துகொண்டேன். பக்கத்தில் புஷ்பம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் கை தானாக மேலே போனது. செயலாளர் பழக்கம் மாறாமல் வரிசை வரிசையாகத் தட்டிக்கொண்டு வந்தார். என் கதிரை முதுகிலும் தட்டினார். சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து அப்போதுதான் நான் ஒரு ஆளாகக் கணக்கில் விழுந்தேன். அழுகை வந்தது, வியர்வையைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன்.

எண்ணி முடித்து அவர் வாயைத் திறக்க, சுவரோரமிருந்து ஒருவர் கத்தினார். "அப்ப எங்கட கை?"

"இவ்வளவு காலமும் பாயில உயர்ந்த கையெல்லாம் எங்க போன தம்பி?" என்று கேட்டா ராத்தா.

செயலாளர் கதிரைகளைப் பார்த்தார், பாய் விரிக்கிற வெறும் தரையைப் பார்த்தார். சால்வையால் முகத்தைத் துடைத்தார். "முதல்ல இருந்து எண்ணுவம். நிக்கிறாக்கள், இருக்கிறாக்கள், எல்லாரையும்."

இரண்டாம் தரம் சுவரோரத்திலும் சில கைகள் எழுந்தன. அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் காலை செயலாளர் மனேஜரிடம் போனார். நாங்கள் இறாலைத் தொடாமல் வாசலில் நின்றோம், ஆண்கள் ஐஸ் கட்டியைத் தொடாமல் எங்களோடு நின்றார்கள். ஐஸ் இல்லாவிட்டால் இறாலின் தலை கறுக்கும், கறுத்தால் வாங்க ஆளில்லை. வெயில் ஏறும்போது கதவு திறந்தது. "தங்கச்சி, உங்கட இடம் உங்களுக்குத்தான்" என்று புஷ்பத்திடம் சொன்னார் செயலாளர். பிள்ளைப்பேறுவரை இருந்தபடி தரம்பிரிக்கிற வேலை, பிறகு பழைய மேசை. தன் மனதுக்கு ஒவ்வாத முடிவைத் தன் முடிவாகத் தூக்கிக்கொண்டு போன அந்த மனிதரையும், காலுளைகிறது என்று குந்திய ராத்தாவையும் இன்றைக்கும் நான் கைகூப்பித்தான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு முதலில் வருகிறவர் கதிரையில், பிந்தி வருகிறவர் பாயில் என்று ஆனது.

இப்போது அந்தக் கொம்பனி இல்லை. வாவியில் இறால் குறைய அதுவும் மூடிப்போய், சங்கமும் கலைந்தது. ராத்தா மௌத்தாகி அடக்கமாகிவிட்டா. அன்று புஷ்பத்தின் வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். அவளுக்கும் இது ஆறாம் மாதம். போன ஞாயிறு என்னைப் பார்க்க வந்தாள்.

"லீவு சம்பளத்தோட தருவாங்க பெரியம்மா. சட்டமாம்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு கையும் உயர்த்தாமல் கிடைத்திருக்கிறது, கிடைக்கட்டும். அவள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆனா, போன தரம் லீவில போன ரெண்டு பேரையும் திரும்ப எடுக்கல்ல. அங்க சங்கமும் இல்ல. என்னையும் அப்பிடிச் செய்தா ஆரிட்டப் போய்ச் சொல்லுற பெரியம்மா?"

எங்களுக்கு லீவும் இருக்கவில்லை, சட்டமும் இருக்கவில்லை. அந்தக் கேள்வி மட்டும் எங்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை.