குடமுருட்டிக் கரையில் கிடத்தப்பட்டேன்

எனக்குப் பயம் இடது கைச் சுண்டுவிரலில் தொடங்கும். முதலில் அந்த விரல் மரத்துப்போகும். பிறகு கை, உதடு, கன்னம் என்று ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொள்ள, நெஞ்சு மட்டும் தனியாக நின்று மேளம் அடிக்கும். தஞ்சாவூரில் இதய டாக்டர் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க ஹார்ட் இருபது வயசுப் பையன் ஹார்ட் மாதிரி இருக்கு சார்" என்றார்.

"அப்ப அந்தப் பையன்கிட்ட திருப்பிக் குடுத்துடுங்க டாக்டர். தேடிக்கிட்டிருப்பான்."

அவர் சிரிக்கவில்லை. மாத்திரை எழுதினார். மாத்திரை பயத்தைப் பாதி நிறுத்தியது. பசி, கோபம், மகள் உண்டாகியிருக்கிறாள் என்ற சந்தோஷம் எல்லாவற்றையும் முழுசாக நிறுத்தியது. மகள் அமெரிக்காவிலிருந்து போனில் அந்தச் செய்தியைச் சொன்னபோது "சரிம்மா" என்றேன். கரண்ட் பில் கட்டியாச்சு என்று யாரோ சொன்னதற்குப் பதில் சொல்வதைப் போல.

போன் எனக்குப் புதிதல்ல. பாபநாசத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பேசுகிறவர்கள் கண்ணாடிக் கதவுக்குள்ளே அழுவார்கள். நான் வெளியே உட்கார்ந்து, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு செல்போன் வந்தது. பூத் ரீசார்ஜ் கடையானது. என் மகளும் கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கடல் தாண்டினாள். ஊரையே கடல் தாண்டிப் பேசவைத்த எனக்குத்தான் தாண்ட முடியவில்லை.

மகளைப் பார்க்க முதன்முறை கிளம்பியபோது விமானத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுவிட்டேன். கதவைச் சாத்தப் போகும் நேரத்தில் சுண்டுவிரல் மரத்தது. எழுந்தேன், இறங்கினேன். என் பின்னால் மனைவியும் இறங்கினாள். எங்கள் பெட்டிகளைத் தேடி இறக்கும்வரை விமானம் நின்றது. பெட்டிக்குள் அவள் மகளுக்காக இடித்த மிளகாய்த்தூள் இருந்தது.

இப்போது பிரசவத்துக்கு டிக்கெட் வந்திருந்தது. மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவ நீங்க இறங்குனா நான் இறங்க மாட்டேன்."

சொன்னதோடு நிற்காமல் என்னை ஒரு தென்னந்தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவர் குடமுருட்டி ஆற்றங்கரையில் அதை வாங்கி, குடிசை மாதிரி ஏ.சி. அறைகள் கட்டியிருந்தார். வாசலில் 'இயற்கையில் ஒலிச் சிகிச்சை' என்று பலகை. சிகிச்சை கொடுப்பவர் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்த மெல்லிய குரல் இளைஞர். திபெத்துக் கிண்ணங்களைப் பாயில் வரிசையாக வைத்திருந்தார். என் மனைவி ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"கும்பகோணத்துல இத விடக் கனமா கிடைக்குமே தம்பி."

"இது வேற அதிர்வும்மா."

சென்னையிலிருந்து வந்த நாலைந்து பேரோடு என்னையும் ஆற்றங்கரையில் வரிசையாகப் படுக்கவைத்தார். பனி ஏறாமலிருக்கக் கழுத்துவரை வெள்ளைப் போர்வை. கண்மேல் பஞ்சு.

"தம்பி, அப்படியே மூக்குலயும் வச்சுடுங்களேன்."

"மூச்சு ஃப்ரீயா இருக்கணும் சார்" என்றார் அவர். என் மனைவி, படுத்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் என்று தென்னை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

கிண்ணத்தைத் தட்டினார். ஒலி காதில் வரவில்லை. முதுகுக்குக் கீழே மண்ணில் வந்தது. விலா எலும்புகளில் ஊர்ந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்தது. நன்றாகத்தான் இருந்தது. அடுத்து அவர் செய்ததுதான் தப்பு. நேபாளத்தில் வாங்கிய சங்கை எடுத்து நீளமாக ஊதினார். பிறகு மறுபடி கிண்ணம். மறுபடி சங்கு.

எங்கள் பக்கத்தில், அந்தக் கிண்ணம் மாதிரியே கணகணக்கும் சேகண்டியும் சங்கும் மாறி மாறி ஒலித்தால் அதற்கு ஒரே அர்த்தம். பிணம் எடுக்கும்வரை அந்த ஊரில் யாரும் வயலில் கை வைக்க மாட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பேச்சும் சிரிப்பும் நின்றன. சேற்றிலிருந்து கால்கள் ஏறி வரும் சத்தம்.

"அக்கா, யாரு போயிட்டது?"

"வரிசையாக் கிடக்குறாங்கடி. வேன் கவுந்துடுச்சா?"

"ஓரத்துல இருக்கறது நம்ம பூத்துக்காரரு மாதிரி இருக்கு."

"பிளேன்ல ஏறிட்டு இறங்கி வந்தாரே, அவரா? நேத்து எனக்கு ரீசார்ஜ் போட்டுவிட்டாரு. நக்கல் புடிச்ச மனுசன், பாவம்."

"மக வந்துதானே எடுக்கணும்."

"அது புள்ளத்தாச்சி. எப்படி வரும்? இவருதான் போயிப் பாத்திருக்கணும். இனிமே எங்க."

இதற்கு அழுகை வர வேண்டும். பஞ்சுக்கு அடியில் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை, பஞ்சு காய்ந்துதான் கிடந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். சுண்டுவிரல் வழக்கம்போல மரத்திருந்தது. நெஞ்சு மேளம் அடிக்கவில்லை. இத்தனை பேர் சேர்ந்து நான் போய்விட்டேன் என்று முடிவு செய்த பிறகு, அது எதற்காக அடிக்க வேண்டும்?

வேலியைத் தாண்டி வந்த ஒருத்தியின் குரல் தென்னை மரத்தடியில், என் மனைவிக்குப் பக்கத்தில் கேட்டது. "அக்கா, இப்படி விட்டுட்டுப் போயிட்டாரே."

"இன்னும் போகலடி. படுத்திருக்காரு."

"எதுக்கு?"

"பயத்துக்கு."

சிகிச்சைக்காரர் உதட்டில் விரல் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். யாரும் சட்டை செய்யவில்லை.

"எத்தன மணிக்கு எடுக்கறாங்களாம்?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டேன்.

அந்தப் பெண் அலுப்போடு சொன்னாள்: "ஏங்க, இருக்கீங்களா இல்லியான்னு சொல்லிட்டீங்கன்னா நாங்க போயி நட்டு முடிப்போம். நாத்து முடியெல்லாம் கரையில காயுது."

"இருக்கேன். போயி நடுங்க."

போனார்கள். சென்னைக்காரர்களில் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் சிகிச்சை பலித்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் விமானத்தின் கதவைச் சாத்தினார்கள். சுண்டுவிரல் மரத்தது. கை, உதடு, கன்னம். மனைவி என்னைப் பார்க்கவில்லை. தன் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, கண்ணை மூடி, கரையில் கிடந்ததைப் போலவே கிடந்தேன். யாரோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இவருதான் போயிப் பாத்திருக்கணும் என்றார்கள். நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது, கொஞ்சம் அடித்தது, பிறகு சலித்துப்போனது போல இறங்கியது.

சக்கரம் தரையை விட்டது. சந்தோஷம் வரவில்லை, துக்கமும் வரவில்லை. சாப்பாட்டுத் தட்டு வரும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க, இருக்கீங்களா இல்லியான்னு சொல்லிட்டீங்கன்னா நான் சாப்புடுவேன்" என்றாள் மனைவி.

"இருக்கேன். சாப்புடு."