மூத்தவன் உட்கார்ந்த நாற்காலி

நெய்வேலி டவுன்ஷிப்பில் செங்குட்டுவன் ஏறாத குவார்ட்டர்ஸ் இல்லை. ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து, சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு பிளாக் பிளாக்காக அலைந்ததிலேயே அவனுக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. பெர்மனென்ட் ஆகிவிடுவோம் என்று முதலில் நம்பினான். பிறகு அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டான். அதிகம் பேசாதவன். ஃபேனைக் கழற்றி மாட்டி, சுவிட்சைப் போட்டுக் காட்டி, "சரியாப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவான்.

ஆனால் அவன் குடியிருந்த தெருவில் அவனுக்கு வேறு பெயர். 'மூத்த ராஜா' என்பார்கள். கிண்டலாகச் சொல்கிறார்களா, மெய்யாகவே சொல்கிறார்களா என்று அவனுக்கே தெரியாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான்.

காரைமேடு என்ற ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு, அங்கிருந்தவர்களுக்குக் குள்ளஞ்சாவடிப் பக்கம் மனை அளந்து கொடுத்திருந்தார்கள். ஊர் இடம் மாறியதே தவிர தெருக்கள் மாறவில்லை. கோயிலைச் சுற்றிப் பெரியவீட்டு வகையறா. ஓடைக்கு அந்தப் பக்கம், அவர்கள் நிலத்தில் காலங்காலமாகக் கூலி செய்தவர்களின் தெரு; செங்குட்டுவன் குடியிருந்ததும் அங்கேதான். பெரியவீட்டுக்காரர்கள் ஒரு காலத்துப் பாளையக்காரர்கள். அந்த அதிகாரமெல்லாம் போய், தேர்த் திருநாள் ஒன்றுதான் மிச்சம். அன்றைக்குத் தேருக்கு முன்னால் கருங்காலி நாற்காலி ஒன்றைப் போடுவார்கள். வகையறாவின் மூத்த ஆண்பிள்ளை அதில் உட்கார, பூசாரி பரிவட்டம் கட்டுவார். அவர் கையை உயர்த்தாமல் வடத்தை யாரும் தொடக்கூடாது. அவர் எந்தப் பக்கம் கை காட்டுகிறாரோ அந்தத் தெருவுக்குத் தேர் போகும். ஓடைக்கு அந்தப் பக்கம் இதுவரை எந்தக் கையும் நீண்டதில்லை.

கடைசியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ராஜாங்கம். அவருடைய முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்க வந்தவள் தனம். அவருக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஒருநாள் விடிகாலையில் ஜீப்பில் திருவதிகைக்குக் கூட்டிப் போய், கோயிலில் வைத்துத் தனக்குத் தாலி கட்டினார் என்பது தனத்தின் பேச்சு. கூட இருந்த ஒரே சாட்சி ஜீப் டிரைவர். அவர் செத்துப் போய்விட்டார். செங்குட்டுவன் பிறந்து தவழ்கிற சமயத்தில் ராஜாங்கத்துக்கு வீட்டார் சொந்தத்தில் பெண் பார்த்து, பந்தல் போட்டுக் கல்யாணம் செய்துவைத்தார்கள். அவளுக்குப் பிறந்தவன் கருணாகரன்.

ராஜாங்கம் மூத்த பிள்ளையை ஒளித்து வைக்கவில்லை. புல்லட்டில் முன்னால் உட்காரவைத்துப் பண்ருட்டிச் சந்தைக்குக் கூட்டிப் போவார். பலாச்சுளை வாங்கிக் கையில் கொடுத்து, கேட்கிறவர்களிடம் "என் பையன்" என்பார். வகையறாக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் அவரைக் கோயில் வாசலில் நிறுத்தி, சூடத்தை ஏற்றிக் கேட்டார்கள்.

"புள்ள எம் புள்ளதான்," என்றார் ராஜாங்கம். "தாலி கட்டல."

தனம் அப்போது ஓடைக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். செய்தி அவளிடம் வந்தபோது அறுத்த புல்லைக் கட்டித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதன்பிறகு ராஜாங்கத்தின் வாசலை மிதிக்கவில்லை. பண்ருட்டியில் முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குப் போய்ப் பிள்ளையை வளர்த்தாள்.

ராஜாங்கம் இறந்த மறு வருஷம், தேருக்குக் கொடி ஏறிய வாரத்தில், தெருப் பையன்கள் செங்குட்டுவன் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவன் இனியன். மூன்றாவது வீட்டுக் கனகத்தின் மகன். போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சையும் ஓட்டமும் முடித்து, உத்தரவுக்காகக் காத்திருந்தவன்.

"அண்ணே, இந்த வருசம் நீதான் ஒக்காரணும்," என்றான்.

"எங்க?"

"நாற்காலியிலதான். நீதான மூத்தவன்?"

"போடா. எனக்கு நாளைக்கு ஷிப்ட் கெடக்குது."

"ஒனக்காகச் சொல்லலண்ணே. நீ ஒக்காந்து ஒரு தபா இந்தப் பக்கம் கைய நீட்டு. தேரு நம்ம தெருவுக்கு வரட்டும். எங்கம்மா இத்தினி வருசமா ஓடைக்கு இந்தப் பக்கம் நின்னுகினுதான் சாமி பாக்குது."

கோர்ட்டுக்குப் போகலாம், மனு கொடுக்கலாம் என்றெல்லாம் செங்குட்டுவன் சொல்லிப் பார்த்தான். அவர்கள் தலையாட்டிவிட்டு மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாள் பெண்களும் வந்தார்கள். யாரோ ஒரு கிழவர் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாட்டேன் என்று சொல்ல அவனுக்குத் தெரிந்த வார்த்தைகள் தீர்ந்து போயின.

அவர்கள் போன பிறகு தனம் சொன்னாள்: "அந்த நாற்காலி எனக்கு வேணாம், ஒனக்கும் வேணாம். ஆனா எவனாவது கேட்டா, எங்கம்மாவுக்கு அவரு தாலி கட்டினாருன்னு சொல்லு. அது போதும்."

தேரன்று காலை செங்குட்டுவன் வேட்டி கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பவனைப் போலத்தான் போனான். கருணாகரன் இன்னும் வந்து சேரவில்லை. நாற்காலி காலியாக இருந்தது. திடீரென்று பையன்கள் அவனை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அதில் உட்காரவைத்தார்கள். இனியன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் தலையில் கட்டினான். "மூத்த ராஜா!" என்று கூட்டம் கத்தியது.

கருங்காலி உடம்புக்குச் சில்லென்று இருந்தது. எழுந்துவிட நினைத்தான். ஆனால் ஓடைக்கரையில் நின்ற அத்தனை முகங்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் குதித்துக் குதித்துக் கையை ஆட்டினாள். அவனுக்குள் என்னவோ நிமிர்ந்தது. வாழ்நாளில் யாரும் தன்னை இப்படிப் பார்த்ததில்லை என்று நினைத்தான். கையை உயர்த்தினான். ஓடைப் பக்கம் நீட்டினான்.

பையன்கள் வடத்தை இழுத்தார்கள். தேர் ஒரு முறை குலுங்கி, ஒரு வண்டி நீளம் நகர்ந்தது.

அவ்வளவுதான். எங்கிருந்தோ முதல் கல் வந்தது. பிறகு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. கருணாகரனின் தாய்மாமன் மண்டையில் ரத்தம் வழிய உட்கார்ந்துவிட்டார். ஒரு பையனுக்குக் கை முறிந்தது. பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ் தடியை எடுத்தது. "அண்ணே, ஓடாத! நில்லு!" என்று இனியன் கத்தியது செங்குட்டுவனுக்குக் கேட்டது. கேட்டும் ஓடினான். கால்கள் அவனைக் கேட்கவில்லை. தலையில் கட்டிய துண்டு எங்கே விழுந்தது என்றும் தெரியவில்லை.

அன்று பூராவும் ராஜாங்கத்தின் பழைய முந்திரித் தோப்புக்குள் கிடந்தான். பசிக்கு முந்திரிப் பழத்தைப் பறித்துச் சப்பினான். தொண்டை கரகரத்தது. மறுநாள் வெயில் ஏறியதும், தண்ணீர் தேடி நகர்ந்தபோது சருகு நொறுங்கியது. தோப்பைச் சுற்றி வந்த போலீஸ்காரர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே பிடித்துவிட்டார்கள். "ராஜா இங்கதான்யா படுத்துகினு இருக்காரு," என்று ஒருவர் சிரித்தார். சட்டை முழுக்கப் பழக்கறை.

ஜாமீனில் வெளியே வந்தபோது அவனுக்கு உறைத்தது, தன் மேல் மட்டும் வழக்கு இல்லை என்பது. தெருவில் பாதி வீட்டுப் பையன்களின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் இருந்தது. இனியன் பெயர் இரண்டாவது. போலீஸ் வேலைக்காகப் பையனின் நடத்தையை விசாரிக்க ஆட்கள் எந்த நாளும் வரலாம் என்று கனகம், செங்குட்டுவனின் முகத்தைப் பார்க்காமல், அழுதாள்.

ஒப்பந்தக்காரர் நல்ல மனிதர், வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்த வாரத்தில் விஜயகுமாரி டீச்சர் வீட்டு ஃபேன் நின்றுபோய், அவன்தான் போனான். அந்த அம்மா திருநெல்வேலிக்காரர், டவுன்ஷிப் பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திரம் எடுப்பவர். பேப்பரில் அவன் பெயரைப் பார்த்திருந்தார். அவன் ஏணியில் நிற்கும்போதே பேச ஆரம்பித்தார்.

"உங்க சங்கதியைப் படிச்சதும் எனக்கு இங்கிலாந்துல இருந்த ஒரு பிரபுதான் ஞாபகத்துக்கு வந்தான். மான்மத்னு பேரு. ராஜாவோட மூத்த பையன். அம்மாவை முறைப்படிக் கட்டலைன்னு ராஜாவே சொல்லிட்டாரு. கட்டினாருன்னு ஜனங்க சொன்னாங்க. ராஜா செத்ததும் சித்தப்பன் சிம்மாசனத்துல உக்காந்துட்டான். இவன் கப்பல்ல வந்து இறங்கினான். நெசவு பண்றவங்க, உழவு பண்றவங்கன்னு சாதாரண ஜனமெல்லாம் இவன் பின்னாடி வந்துச்சு. நீதான் ராஜான்னு இவனுக்குப் பட்டம் கட்டிட்டாங்க."

"செயிச்சானுங்களா?"

"எங்க? ஒரே சண்டையில தோத்து ஓடிப்போய், ஒரு பள்ளத்துல ஒளிஞ்சு கெடந்தான். பிடிச்சுட்டாங்க. சித்தப்பன் கால்ல விழுந்து கெஞ்சியும் பார்த்தான். தலையை வெட்டிட்டாங்க."

செங்குட்டுவன் ஸ்க்ரூவை முறுக்குவதை நிறுத்தினான். "அவன் கூட வந்த ஜனங்க என்னா ஆனாங்க டீச்சர்?"

டீச்சர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "நூத்துக்கணக்குல தூக்குல போட்டாங்க. மிச்சம் உள்ளவங்களைக் கப்பல்ல ஏத்தி, எங்கயோ தீவுகளுக்குக் கூலி வேலைக்கு அனுப்பிட்டாங்க."

அவன் ஃபேனை மாட்டிவிட்டு இறங்கினான். சுவிட்சைப் போட்டுக் காட்ட மறந்து, ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

நேராகக் கருணாகரனின் லாரி ஷெட்டுக்குப் போனான். பண்ருட்டிச் சாலையில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே தோப்பில் விளையாடியவர்கள்தான். கருணாகரன் அவனை உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

"பசங்க மேல நீ குடுத்த கேச வாபஸ் வாங்கிக்க தம்பி," என்றான் செங்குட்டுவன். "நான் என்னா பண்ணணும்னு சொல்லு. பண்ணிடறேன்."

"நான் ஒரு ஆளு சொல்ல முடியாது. வகையறாவுல ஒத்துக்கணும்." கருணாகரன் லாரியைப் பார்த்தபடியே பேசினான். பிறகு சட்டென்று திரும்பினான். "எங்கப்பா என்ன ஒரு நாளாவது வண்டி முன்னாடி வச்சி ஓட்டியிருக்காரா? சந்தைக்குன்னா நீதான. எனக்கு இந்த நாற்காலிதான்யா கெடச்சிது. அதுலயும் வந்து ஒக்காந்துட்ட."

செங்குட்டுவன் தலை குனிந்து நின்றான்.

வகையறாக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை. தன் தாய்க்கும் ராஜாங்கத்துக்கும் கல்யாணம் நடக்கவில்லை, தனக்கும் தன் வாரிசுகளுக்கும் நாற்காலியில் பாத்தியதை இல்லை என்று ஊர் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். சமுதாயக் கூடத்தில் கூடினார்கள். வக்கீல் ஒருவர் வாசித்துக் காட்டினார். முதல் வரியைக் கேட்டதும் செங்குட்டுவன், "கடைசி வரி மட்டும் போதாதுங்களா? எனக்கு பாத்தியதை இல்லன்னு மட்டும் எழுதிக்கறனே," என்று கேட்டான்.

"மொத வரி இல்லாம கடைசி வரிக்கு அர்த்தமில்லப்பா," என்றார் வக்கீல், நல்லவிதமாகவே.

கூடத்தின் வாசலில் இனியன் நின்றிருந்தான். வேண்டாம் என்று அவன் ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட செங்குட்டுவன் பேனாவைக் கீழே வைத்திருப்பான். இனியன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செங்குட்டுவன் கையெழுத்துப் போட்டான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னான். மறைத்து என்ன ஆகப் போகிறது, தெருவே பேசிக்கொண்டிருந்தது. தனம் வேலைக்குப் போய் வந்து, முந்திரிக் கொட்டையின் காரப் பால் பட்டுப் பொத்துப்போன விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"பசங்கள உட்டுட்டாங்களா?" என்றாள்.

"உட்டுருவாங்கம்மா."

"அப்ப நல்லது."

இன்னொரு விரலுக்கு எண்ணெய் தொட்டுக்கொண்டாள். பிறகு, சண்டை போடுகிற குரலில் அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவளைப் போலக் கேட்டாள். "அவரு செத்த அன்னிக்கி என்ன அங்க உடல. நானே கொழாயடியில ஒக்காந்து தாலியக் கழட்டினன். அது யாருக்குடா குட்டுவா கழட்டினன்?"

அவள் எழுந்து போய் உலை வைத்தாள். அன்றும் சோறு போட்டாள், மறுநாளும் போட்டாள். பேச்சை நிறுத்தவில்லை. அந்தக் கேள்வியையும் திரும்பக் கேட்கவில்லை.

கருணாகரன் சொன்ன வாக்குப்படியே தன் புகாரை வாபஸ் வாங்கினான். ஆனால் போலீஸ் தானாகப் பதிந்த வழக்கு ஒன்று இருந்தது. பந்தோபஸ்துக்கு வந்தவர்களைப் பணி செய்யவிடாமல் தடுத்தது, பொதுச் சொத்துக்குச் சேதம் என்று. அதை வாபஸ் வாங்கக் கருணாகரனுக்கு அதிகாரம் கிடையாது, வகையறாவுக்கும் கிடையாது. இந்த விஷயம் கூடத்தில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியவர்கள் சொல்லவில்லை. செங்குட்டுவன் வக்கீலைத் தேடிப் போனான். "கோர்ட்டுல முடியும்பா. நாளாகும்," என்றார். எழுதிக் கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியுமா என்று கேட்டான். வக்கீல் சிரிக்கவில்லை, முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினார்.

விசாரணைக்கு ஆள் வந்தது. வழக்கு நிலுவையில் இருப்பதால் இனியனுக்கு வேலை இல்லையென்று ஆனது. அவன் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாகக் கன்வேயருக்கு அடியில் விழும் கரியை அள்ளிப்போடும் வேலைக்குச் சேர்ந்தான். வழியில் பார்த்தால், "என்னாண்ணே, டூட்டியா?" என்று கேட்டுக்கொண்டு போவான். பகை இல்லை. நின்று பேச எதுவும் இல்லை.

அடுத்த தேருக்குக் கருணாகரன் உட்கார்ந்தான். வழக்கமான தெருக்களைச் சுற்றித் தேர் நிலைக்கு வந்தது. செங்குட்டுவன் அன்றைக்கு லீவு கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை அவன் ஏணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியபோது, பஸ் நிறுத்தத்தில் கனகம் நின்றிருந்தாள். கையில் ஒயர் கூடை. கூடைக்குள் மிக்சி, அதன் கரண்ட் கம்பி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் எந்த வீட்டு மிக்சி நின்றாலும் அவனிடம்தான் வரும். காசு வாங்க மாட்டான். கனகம் பண்ருட்டி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

அவன் சைக்கிளை நிறுத்தினான். மோட்டாரில் கார்பன் பிரஷ்தான் தேய்ந்திருக்கும், அரை மணி நேர வேலை. "அக்கா, குடு" என்று கேட்டுவிடலாம். கேட்க வாயெடுத்தான். கனகம் அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தொங்கிய கம்பியை எடுத்துக் கூடைக்குள் செருகிக்கொண்டாள்.

பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள். செங்குட்டுவன் பெடலில் கால் வைத்தபடி இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.