பக்கத்து நாற்காலி காலியாக இருந்த நாள்

ஒன்பது வருடம் நான் களைத்துக் கிடந்தேன். இதைச் சொன்னால், "எங்களுக்கும்தான் களைப்பு" என்று எல்லோரும் சிரிப்பார்கள். அந்தக் களைப்பு இல்லை இது. தூங்கி எழுந்ததுமே வருகிற களைப்பு. அரிசி களைந்து குக்கரை அடுப்பில் ஏற்றினால், விசில் வருவதற்குள் அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிடுவேன். துணி காயப்போடக் கையைத் தூக்கினால் தோளில் கல்லைக் கட்டியதுபோல் இருக்கும். சித்திரை வெயிலில் போர்வை தேடுவேன். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது.

நம் வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக் குழுவின் ஆண்டு மலருக்கு, நம் தென்காசிக் கோயில் அம்மன் உலகம்மை எனக்குச் செய்ததை எழுதித் தரச் சொன்னார்கள். செய்தாள். அதை எழுதாவிட்டால் நான் நன்றி கெட்டவள். ஆனால் இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது. ஒன்பது வருடம் கழித்துத்தானே செய்தாள். அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது, அதையும் சேர்த்தே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளுங்கள், அடுத்த பக்கத்தில் கோலம் போட்டிருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் போலீசில் ஏட்டு. நல்ல மனுஷர். குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை. என்னை டாக்டரிடம் கூட்டிப்போக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நாலு வருடத்துக்கு முன்பு நான் வாசல் தெளிக்கும்போது மயங்கி விழுந்தேன். அன்றிலிருந்துதான் பெரிய டாக்டர்களைப் பார்க்க ஆரம்பித்தோம். அதற்கு முந்திய ஐந்து வருடம் எங்கள் வீட்டில் என் நோய்க்குச் சோம்பேறித்தனம் என்று பெயர்.

தென்காசியில் பெரிய டாக்டர் என்றால் பாதிப்பேர் வெளியூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள். ஒருவர் வியாழன் சாயங்காலம் வருவார். இன்னொருவர் மாதத்தில் ஒரு ஞாயிறு. காலை ஏழு மணிக்கு போன் எடுக்கும் பெண், ஏழு ஐந்துக்கெல்லாம் "டோக்கன் முடிஞ்சிட்டு" என்று சொல்லிவிடுவாள். தப்பித்தவறிக் கிடைத்தால் நாற்பதுக்கு மேல் ஒரு நம்பர். நாலு மணிக்கு வந்து உட்காரச் சொல்வார்கள். டாக்டர் ஆறரைக்கு வருவார். அவர் வந்ததும் கழுத்தில் டை கட்டிய மருந்து கம்பெனிக்காரர்கள் வரிசையாக உள்ளே போவார்கள். நாங்கள் டிவி பார்த்துக்கொண்டிருப்போம். திருநெல்வேலிக்கே போய்ப் பார்த்த நாட்களில் பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று பஸ் நின்று நின்று போகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப் படுத்துவிடலாமா என்று இருக்கும்.

டாக்டரைப் பார்க்கப் போவதற்காகவே இரண்டு நாள் முன்பிருந்து படுத்துக் கிடப்பேன். அன்றைக்கு நடக்கத் தெம்பு வேண்டுமே! பிறகு குளித்து, நல்ல சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு போவேன். சீக்குக் கோலத்தில் நாலு பேர் முன்னால் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பாக்க நல்லாத்தான இருக்கீங்க" என்பார். பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும்.

மீதியை என் வீட்டுக்காரர் முடித்துவைப்பார். டாக்டர் என்னைத்தான் கேட்பார், பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வரும். அதிகாரிக்கு முன்னால் ரிப்போர்ட் கொடுத்துப் பழகிய வாய்.

"நாலு வருஷமா டயர்டுன்னு சொல்லுதா சார். சுகர், பிரஷர் கிடையாது. ஒரு பொம்பளப்பிள்ள. நார்மல் டெலிவரி. மத்தபடி ஒண்ணும் கிடையாது சார்."

எல்லா டாக்டருக்கும் இதே ரிப்போர்ட்தான், வருஷக் கணக்கைத் தவிர ஒரு வார்த்தை மாறாது. டாக்டருக்கும் சந்தோஷம், சட்டென்று முடிகிறதே. நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன்.

இதய டாக்டர் ஓடுகிற பெல்ட்டில் நடக்கவிட்டுப் பார்த்து, இதயம் நன்றாக ஓடுகிறது என்றார். நான்தான் ஓடவில்லை. தைராய்டு நார்மல் என்று மூன்று இடத்தில் எழுதிக் கொடுத்தார்கள். வயிற்று டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். நரம்பு டாக்டர் விட்டமின் கொடுத்தார். மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஆறு மாதம் தூங்கிக்கொண்டே களைத்திருந்தேன். இன்னொருவர், "வீட்ல சும்மா இருக்கறதால வர்றது. வாக்கிங் போங்க" என்றார். என் வீட்டுக்காரருக்கு அது உத்தரவு. விடிந்ததும் என்னை எழுப்பிக் குற்றாலம் ரோட்டில் நடக்கக் கூட்டிப்போனார். மூன்றாம் நாள் ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து அழுதேன். "எல்லாரும் நடக்கல்லா செய்தாவ, உனக்கு மட்டும் என்னட்டி?" என்றார். எனக்கு மட்டும் என்ன என்றுதான் நானும் நாலு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு டாக்டரும் அவரவர் பாகத்தைப் பார்த்து, இங்கே ஒன்றும் இல்லை என்று அடுத்தவரிடம் அனுப்பினார். பாகம் பாகமாக நான் நன்றாகத்தான் இருந்தேன், மொத்தமாகத்தான் சரியில்லை. ஃபைல் மட்டும் கொழுத்துக்கொண்டே போனது.

போன வருடம் ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். சாரல் நேரத்தில் நம் கோபுர வாசல் காற்று எப்படித் தள்ளும் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எதிர்த்து ஓடுவார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, நாலடிக்கு ஒரு தரம் நின்று நின்று உள்ளே போனேன். உலகம்மை சன்னதியில் நின்றபோது கும்பிடத் தோன்றவில்லை. சண்டை போடத்தான் தோன்றியது.

"நீயும் அந்த டாக்டருங்க மாரியேதான் இருக்க. நானும் வரிசைல நிக்கேன், நீ நிமிந்து பாக்க மாட்டேங்க. எனக்குக் குணம் வேண்டாம் தாயே. நான் சொல்லுதத முழுசாக் கேக்கதுக்கு ஒரே ஒரு ஆளக் காட்டு. அது போதும்."

பக்கத்தில் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தாள். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.

ஹார்மோன் டாக்டர் ஒருவர் மாதம் ஒரு ஞாயிறு தென்காசிக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டு, என் வீட்டுக்காரர் இரண்டு மாதமாக முயற்சி செய்துகொண்டிருந்தார். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறுக்கு டோக்கன் கிடைத்தது. முந்தின நாளே மலையில் அடித்துப் பெய்தது. ஞாயிறு காலை அவருக்கு போன் வந்தது. யூனிபார்மை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"குத்தாலத்து அருவில வெள்ளம், குளிக்கத் தடை போட்டாச்சு. சீசன் கூட்டம் வேற நிக்கி. லீவு கேன்சல். அடுத்த மாசம் போய்க்கிடலாம்ட்டி."

அவர் போனபிறகு அழுதேன். ஒரு ஆளைக் காட்டு என்று கேட்டேன், இருந்த ஒரு டோக்கனையும் பிடுங்கிக்கொண்டாயே என்று சாமி படத்தைப் பார்த்துத் திட்டினேன். கொஞ்ச நேரத்தில் அழுகை போய்க் கோபம் வந்தது. அடுத்த மாதம், அடுத்த மாதம். இதே வார்த்தையைக் கேட்டுத்தான் முப்பத்தாறு வயதுக்கு வந்திருக்கிறேன். குளிக்கவில்லை, பூ வைக்கவில்லை. கட்டியிருந்த சேலையோடு ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். டாக்டரிடம் நான் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை.

ஐம்பது வயது மதிக்கத்தக்க டாக்டரம்மா. சிரிப்பே கிடையாது. ஃபைலைத் தள்ளி வைத்தார். "இத அப்புறம் படிக்கிறேன். எப்பருந்து இப்படி இருக்கு?"

நான் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். பழக்கம். அங்கே என் கைப்பை மட்டும் இருந்தது.

"அங்க யாரும்மா இருக்கா? என்னப் பாத்துச் சொல்லுங்க."

நாலு வருஷம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அது என் பதில் இல்லை, அவருடையது. கேள்வி கேட்டது என்னை. "பிள்ள பெத்ததுல இருந்து" என்றேன். சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போச்சா?" என்றார்.

இங்கே உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. எனக்குக் கடையத்தில். என் வீட்டுக்காரர் அப்போது வெளி மாவட்டத்தில் பந்தோபஸ்தில் இருந்தார். பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. பேச்சு மூச்சு இல்லாமல் போய்விட்டேனாம். என் தம்பியும் அவன் கூட்டாளிகளும் ரத்தம் கொடுத்தார்கள். நாலு பாட்டில் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் அவர் வந்து பிள்ளையைப் பார்த்தபோது, என் அம்மா, "சுகப்பிரசவம் மாப்பிள்ள" என்றாள். என்னிடம் தனியாகச் சொன்னாள்: "ஏட்டி, இது உம் மாமியா காதுக்குப் போகக் கூடாது. சீக்காளிப் பொண்ணத் தலைல கட்டிட்டாவன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா."

நானும் வாயை மூடிக்கொண்டேன். சொல்லக்கூடாது என்று மூடி வைத்தது, நாளாக ஆக நடக்காத ஒன்றுபோலவே ஆகிவிட்டது. அதனால்தான் ஒவ்வொரு ஃபைலிலும் நார்மல் டெலிவரி. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைக்குப் பால் சுரக்கவே இல்லை என்பதை, அதற்கு மாமியார் பேசிய பேச்சை, மாதாமாதம் வருவது மாத்திரை போட்டால்தான் வரும் என்பதை. டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. அடுத்த டோக்கன்காரர் கதவை இரண்டு தரம் தட்டினார். காத்திருந்தவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

இரத்தப் பரிசோதனை, தலையில் ஸ்கேன் எல்லாம் பத்து நாளில் முடிந்தது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். உடம்பில் மற்ற சுரப்பிகளுக்கு உத்தரவு போடுவது அதுதான். பிரசவத்தில் அத்தனை ரத்தம் போனபோது அது ரத்தம் இல்லாமல் வாடிவிட்டது. "அப்ப தைராய்டு மட்டும் எப்படி நார்மல்னு வந்துது?" என்று கேட்டேன். மற்றவர்கள் பார்த்ததே மேலிருந்து வருகிற அந்த உத்தரவைத்தான், உத்தரவு போடும் இடமே கெட்டிருந்தால் அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது என்றார். பிறகு, "பலமா ஒரு காய்ச்சல் வந்திருந்தா நீங்க இங்க உக்காந்திருக்க மாட்டீங்க" என்றார். நோயின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார். வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர். கோயிலுக்குப் போய் அந்தத் தாளை அம்மையின் முன்னால் வைத்துவிட்டு அழுதேன். எனக்கு வந்தது திமிர் இல்லை, சோம்பல் இல்லை, மனக்கோளாறு இல்லை. அதற்கு ஒரு பெயர் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்க ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டேன். அவள் ஆளைக் காட்டினாள். அதற்கு முன்னால், எனக்காகப் பேசிக்கொண்டிருந்த ஆளை எழுப்பி அருவிக்கரைக்கு அனுப்பிவிட்டாள். அதைத்தான் நான் திட்டினேன். குளிக்க வந்து ஏமாந்து திரும்பிய வெளியூர்க்காரர்களும் என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

விஷயம் தெரிந்ததும் என் வீட்டுக்காரர், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?" என்றார். "நீங்க பேசி முடிச்சாத்தான நான் பேச முடியும்?" என்றேன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அப்படிப் பேசியதில்லை. அன்று முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அம்மாவுக்கு போன் போட்டேன். "உன் நல்லதுக்குத்தாம்ட்டி மறைச்சேன்" என்றாள். "மாமியா செத்து மூணு வருஷமாச்சு. அதுக்கப்புறமாது சொல்லிருக்கலாம்லாம்மா?" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டு மாதம் நாங்கள் பேசவில்லை. இப்போது பேசுகிறோம், பழைய மாதிரி இல்லை.

ஆயுசுக்கும் மாத்திரை. காலையில் கண் விழித்ததும் ஒன்று, மத்தியானம் ஒன்று, காய்ச்சல் வந்தால் கூட்டிப் போட வேண்டும். முதல் மாத்திரை போட்ட எட்டாம் நாள் வாசல் தெளித்துக் கோலம் போட்டேன், உட்காராமல். பிறகுதான் பார்த்தேன், மணி ஆறு கூட ஆகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோபுர வாசலில் சுவரைப் பிடிக்காமல் நடந்தேன். தாயே, உனக்கு நன்றி.

ஆனால் அதோடு முடித்தால் பாதிதான் சொன்னவளாவேன். இன்னொரு பிள்ளைக்கு இனி வழி இருப்பது கஷ்டம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். என் மகளுக்கு ஒன்பது வயது. தெம்பு வந்த வாரத்தில் சீப்பை எடுத்துக்கொண்டு, "வா, தலை பின்னி விடுதேன்" என்று கூப்பிட்டேன். "வேண்டாம்மா, நானே பின்னிக்கிடுவேன். உனக்குக் கை வலிக்கும்" என்றாள். ஆறு வயதிலேயே அவளாகப் பின்னப் பழகியிருக்கிறாள், நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. இரண்டு பின்னலும் ஒரே அளவில் அழகாக இருந்தன. அவளோடு இல்லாமல் போன அந்த வருடங்களைத் திருப்பிக் கொடு என்று எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது? கேட்டேன். அம்மை பதில் சொல்லவில்லை. அந்தக் கோபத்தையும் அவள் காலடியில்தான் வைத்திருக்கிறேன், வேறு எங்கே வைக்க?

அதனால் நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். உலகம்மையை நம்புங்கள். அழகாகக் கும்பிட வேண்டும் என்றில்லை, என்னைப்போல் சண்டை போட்டாலும் கேட்பாள். அவளிடம் சொன்ன வாயால் டாக்டரிடமும் சொல்லுங்கள். நம் குழுவிலேயே எத்தனை பேர் முட்டு வலி, தலைச்சுற்று, வெளியே சொல்ல வெட்கப்படுகிற இன்னொன்று என்று மறைத்துக்கொண்டு விளக்கேற்றுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் போகத் துணை இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். எந்த ஊராக இருந்தாலும் வருகிறேன், டோக்கனுக்கு நான் காத்திருக்கிறேன். உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே நீங்கள் மட்டும் போங்கள்.